சிவலைக்குப் பொட்டு வைத்தது யார்?

பகலில் பேயா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இருட்டில் எனக்கு எதுவும் நேர்ந்ததில்லை. நேர்ந்ததெல்லாம் மத்தியானத்தில், நல்ல வெளிச்சத்தில். சொல்லப்போவதில் ஒரு சொல்கூடக் கட்டியது கிடையாது.

1984. எனக்குக் கல்யாணமாகி நான்காவது மாதம். கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் கணவர் பசுபதி ஆபிசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். கிராணிமாருக்கு வரிசையாக மூன்று வீடுகள். முதல் வீட்டில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கந்தையாவும் அவர் மனைவி தங்கரத்தினம் அக்காவும். நடு வீட்டில் நாங்கள். கடைசி வீடு கூரை ஒழுகுகிறது என்று பூட்டிக் கிடந்தது.

நான் கோலாலம்பூரில், எந்நேரமும் ஆள் நடமாட்டமுள்ள வீட்டில் வளர்ந்தவள். இங்கே அவர் விடியுமுன் ஆபிசுக்குப் போய்விடுவார். சாயங்காலம் கிளப்பில் பூப்பந்து. எனக்குப் பேச்சுத் துணைக்குத் தங்கரத்தினம் அக்கா மட்டும்தான்.

அப்போதுதான் அந்தப் பூனை வந்தது. செம்மண் நிறம். வால் நுனி கொக்கி போல மடங்கியிருந்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அது மீனைப் பார்க்கவில்லை. நேராக வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. ஏதோ பல வருஷப் பழக்கம் போல.

"அது உம்மைத் தெரிஞ்செடுத்திட்டுது," என்றார் என் கணவர். "இனி நான் இரண்டாம் ஆள்தான்."

சிவலை என்று பெயர் வைத்தேன். என் மடியைத் தவிர வேறெங்கும் அது படுக்காது. அவர் தொட்டால் எழுந்து போய்விடும். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தத் தோட்டத்தில் எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. தினமும் மத்தியானம் இரண்டரை மணி சுமாருக்கு எழுந்து போகும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பும்.

ஒருநாள் அப்படித் திரும்பி வந்தபோது அதன் நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு.

கண்ணூறு படாமலிருக்கக் குழந்தைகளுக்கு வைப்போமே, அந்த மைப் பொட்டு. வட்டமாக, அழகாக, விரல் நுனியால் வைத்தது.

எனக்குச் சுருக்கென்றது. யாருடைய கண் படக்கூடாதென்று வைத்த பொட்டு இது? என் கண்ணா?

தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். மறுநாள் மறுபடியும் பொட்டு. துடைத்தேன். அதற்கு மறுநாள் பொட்டு இன்னும் பெரியதாக இருந்தது.

தங்கரத்தினம் அக்காதான் என்று நினைத்தேன். நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"அக்கா, உங்களுக்குப் பூனை வேணுமெண்டால் சொல்லுங்கோ. ஒளிச்சு வைச்சு ஏன் பொட்டு வைக்கிறீங்கள்?"

அவர் அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

"நானோ? பிள்ளை, அந்தப் பூனை என்ர வீட்டு வாசல் மிதிக்காது. நானும் விடமாட்டன்."

"ஏன்?"

"அதைத் துடையாதையும். அப்பிடியே விட்டிடும்."

அவர் மறுபடியும் அரிசி புடைக்கத் தொடங்கினார். எனக்குக் கோபம். அவர் பொய் சொல்கிறார் என்றே நம்பினேன். அடுத்த நாள் சிவலை எழுந்து போனபோது பின்னாலேயே போனேன்.

அது தங்கரத்தினம் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

கடைசி வீட்டுக்குப் போனது. பின்னால் சமையல் செய்யும் குசினிக் கதவின் கீழே பலகை உடைந்த இடத்தில் நுழைந்தது. நான் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனேன். சாய்த்துத் திறக்கும் கண்ணாடித் தகடுகள் வைத்த ஜன்னல். தகடுகள் பாதி திறந்திருந்தன. இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

வெறும் அறை. தரை முழுவதும் தூசி. நடுவில் சிவலை மட்டும்.

அது மோவாயைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தது. என் மடியில் கழுத்தைத் தடவும்போது அப்படித்தான் இருக்கும்.

பிறகு பார்த்தேன்... அதன் முதுகு மயிர் படிந்தது.

தலையிலிருந்து வால்வரை, மெதுவாக. மறுபடியும் தலையிலிருந்து வால்வரை.

யாரோ தடவுகிறார்கள். கை இல்லை.

எனக்கு முதலில் வந்தது பயமா? சத்தியமாகச் சொல்கிறேன், பயமில்லை. 'என் பூனை' என்றுதான் மனதுக்குள் வந்தது. வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

"சிவலை."

மயிர் படிவது நின்றது.

பூனை கண்ணைத் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. தனக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் எதையோ பார்த்தது. அந்தப் பார்வை நகர்ந்தது. நிதானமாக. அறை நடுவிலிருந்து... சுவரோரம்... ஜன்னலை நோக்கி.

என்னை நோக்கி.

கிறீச்.

கண்ணாடித் தகடுகள் என் முகத்துக்கு முன்னே மூடிக்கொண்டன.

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று தெரியாது. சற்று நேரத்தில் சிவலையும் வந்தது. என் மடியில் ஏறி, முகத்தை என் வயிற்றில் புதைத்துக்கொண்டது.

அன்றைக்கு அதன் நெற்றியில் பொட்டில்லை.

அதன்பிறகு அது கடைசி வீட்டுக்குப் போகவே இல்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என்னைத்தானே தேர்ந்தெடுத்தது.

ஆனால் இரண்டரை மணியானால் குசினிக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு சத்தம் கேட்கும்.

ச்சு... ச்சு... ச்சு...

நாக்கைத் தட்டிப் பூனையைக் கூப்பிடும் சத்தம். எட்டிப் பார்த்தால் செம்பனை மரங்கள் மட்டும். சிவலை என் சேலைக்குள் நுழைந்துகொள்ளும். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் மழை. நாற்காலியில் உட்கார்ந்து சிவலையைத் தடவிக்கொண்டிருந்தேன். வேலிக்குப் பின்னால் சத்தம் கேட்கவில்லை. மழையில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கையை அதன் தலைக்குக் கொண்டுபோனேன்.

என் கை படுவதற்கு முன்பே மயிர் படிந்தது.

கையைத் தூக்கினேன். படிவது நிற்கவில்லை.

"இது என்ர பூனை," என்றேன்.

சுரீரென்று எரிந்தது.

வலது மணிக்கட்டில் நான்கு கோடுகள். ரத்தம்.

சிவலை அசையவே இல்லை. அதன் நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன.

அந்த மழையிலேயே டிரஸ்ஸர் வீட்டுக்கு ஓடினேன். கந்தையா அண்ணர் மருந்து போட்டார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூனை பிறாண்டினது எண்டோ சொன்னீர்?"

"ஓம்."

"பூனை நகம் இவ்வளவு அகலமாப் பிறாண்டாது பிள்ளை."

அவர் தன் கையை அந்தக் காயத்தின்மேல் வைக்காமல் விரித்துப் பிடித்தார். நான்கு விரலுக்கும் நான்கு கோடுகள். அளவு கொஞ்சம் சிறியது. பெண்கை.

"அந்த வீட்டில ஆர் செத்தது?" என்று தங்கரத்தினம் அக்காவைக் கேட்டேன்.

"ஒருத்தரும் சாகேல்லை. அன்னம்மா எண்டு ஒரு கிராணியின்ர பெண்சாதி இருந்தவ. பூனை அவவிட்டத்தான் நிண்டது. உயிரையே வைச்சிருந்தவ. மாற்றல் வந்து போகேக்க பூனையைப் பிடிக்க முடியேல்லை. அழுதழுது போனவ."

"இப்ப?"

"தைப்பிங்கில நல்லா இருக்கிறா. போன மாதம்கூட என்ர தங்கச்சி கோயில்ல கண்டவ."

அதைக் கேட்டு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறாள், ஆகவே பேயில்லை. அப்படியென்றால் மழையில் வந்தது யார்?

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை நம்பினாரோ என்னவோ, காயத்தை நம்பினார். இரண்டு மாதத்தில் சுங்கை பெசாருக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டார்.

புறப்படும் நாளில் சிவலையைக் கொண்டுபோகக் கூடை வாங்கி வைத்திருந்தேன். அதைக் காணவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. லோரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"வாரும், அது கெட்டித்தனமான பூனை. பிழைச்சுக்கொள்ளும்," என்றார் என் கணவர்.

அது பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும். யாரிடம் பிழைக்கும்? அதுதான் என் நெஞ்சை அறுத்தது.

புது வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. மத்தியானத்தில் படுப்பேன். சிவலை இப்போது எந்த மடியில் கிடக்கிறதோ, யார் கழுத்தைத் தடவுகிறார்களோ, அந்தக் கைக்கும் மோவாயைத் தூக்கிக் காட்டுகிறதோ என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன். அப்படியே தூங்கிவிடுவேன். கிணற்றில் விழுந்தது போன்ற தூக்கம். ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர் தட்டித் தட்டிப் பார்த்துப் பயந்தே போனாராம். "உடம்பு இருந்தது, நீர் இருக்கேல்லை," என்றார். வெயில் களைப்பு என்று விட்டுவிட்டோம்.

எட்டு மாதம் கழித்துக் கிள்ளானில் ஒரு கலியாண வீடு. தங்கரத்தினம் அக்கா வந்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்.

"இது பராசக்தி. நீங்கள் இருந்த வீட்டுக்கு வந்திருக்கிற புதுக் கிராணியின்ர பெண்சாதி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த காப்பி தளும்பிச் சேலையில் கொட்டியது.

"இவவை எனக்குத் தெரியும்," என்றாள் தங்கரத்தினம் அக்காவிடம்.

"எப்பிடித் தெரியும்? இண்டைக்குத்தானே காணுறீர்?"

"இல்லை. ஒவ்வொரு நாளும் வாறவ. மத்தியானம் இரண்டரைக்கு. வேலிக்கு அங்கால நிண்டு நாக்கைத் தட்டிக் கூப்பிடுறவ."

நான் அந்தத் தோட்டத்தை விட்டு வந்ததிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

மண்டபத்தில் மேளம் உச்சத்தில் இருந்தது. அவள் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இனி வராதேங்கோ. எங்கட மீனு உங்களிட்ட வராது."

மீனு.

அதற்கு மீனு என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பயம் பிறகுதான் வந்தது. காரில் வீடு திரும்பும் வழியில். ஆனால் அந்தக் கணத்தில், அவள் முகத்துக்கு முன்னால் நின்றபோது, எனக்குப் பயம் துளிகூட இல்லை.

எப்போது மத்தியானமாகும் என்றிருந்தது.