பாவாயியின் வசவு பாட்டானது

பாவாயிக்கு யாரையும் பிடிக்காது என்று மலைமேல் குண்டனி நாட்டில் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. பிடிக்காமல் போவதற்குக்கூட ஓர் ஆளை ஆளாக மதிக்க வேண்டும். அவள் பெரும்பாலானோரை அந்த இடம்வரை ஏறவிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே கார் ஏறி வந்து, மேலே வந்ததும் ‘என்ன காத்து, என்ன காத்து’ என்று கையை விரித்து நிற்கிற கூட்டத்தை அவள் ஆடு மாட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். ஆடு மாடாவது அதட்டினால் நகரும்.

சோளக்காட்டுச் சந்தையில் வாழைப்பழமும் அன்னாசியும் விற்பாள். மிளகுக் காலத்தில் மிளகு. கணவர் செல்லமுத்து காட்டோடு சரி, சந்தைப் பக்கம் வரமாட்டார். வந்தால் கேட்ட விலைக்குக் கொடுத்து, போகிறபோது கொசுறாக ஒரு சீப்பும் எடுத்துக்கொடுக்கிற மனுஷன். கல்யாணமான புதிதில் பாவாயியும் வாயில்லாதவளாகத்தான் இருந்தாள். மிளகு வியாபாரி ஈரம் பார்க்கிறேன் என்று கை நிறைய அள்ளுவான். இரண்டு மணியைக் கடித்துத் துப்பிவிட்டு மிச்சத்தைத் தன் சாக்கில் போட்டுக்கொள்வான். பிறகு மறுபடியும் அள்ளுவான். எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அவளும் நிற்பாள். ஒருநாள் எப்படியோ அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்துவிட்டாள். உள்ளே அவ்வளவு கிடந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவள் மூட்டைக்கு முன்னால் யாரும் இரண்டாவது தடவை கையை நீட்டியதில்லை. பக்கத்துக் கடைப் பெண்களும் அவள் நிழலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

விஷ்ணு வந்தது அன்னாசி வரத்து அதிகமாக இருந்த ஒரு ஞாயிறு. கோயம்புத்தூர்ப் பையன், கழுத்தில் பெரிய கேமரா. அன்னாசி ஒன்றை எடுத்தான், முகர்ந்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்துக் கொண்டையிலிருந்து ஓர் இலையைப் பிடுங்கினான். மூன்றாவது பழத்தின் கொண்டையில் கை வைத்தபோது பாவாயி எழுந்துவிட்டாள்.

“கையை எடு! உங்க ஊட்டுக் கோழியாடா அது, றெக்கையைப் பிடுங்கிப் பாக்கறதுக்கு? வாங்கற மூஞ்சியைப் பாரு! அறுபது எழுபது வளைவு ஏறி வந்தது எங்க பழத்துக்கு மொட்டை அடிக்கவா? கையை எடுன்னா எடுக்கோணும்!”

பையன் கையை எடுத்தான். எடுத்த கை நேராகக் கேமராவுக்குப் போனது. அவள் திட்டத் திட்ட அவன் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். உடன் வந்த கொண்டை போட்ட தாடிக்காரன் ஒருவன் குச்சி மாதிரி ஏதோ ஒன்றை அவள் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் விஷ்ணு, கொண்டை பிடுங்கிய பழங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, “அக்கா, நீங்க வேற லெவல்” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். கிறுக்கன் என்று அவள் மறந்தும் போனாள்.

மழைக்காலம் முடிந்து அவன் மறுபடி வந்தான். கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியாம். புதிதாகத் துணி வடிவமைக்கிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், பாட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்களாம். அதில் பாவாயியின் படம்தான் வாசலிலேயே நிற்கப்போகிறதாம். அவள் வந்தே ஆக வேண்டும், கார் அனுப்புகிறேன் என்றான்.

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்றாள்.

ஆனால் மகள் ரஞ்சிதா விடவில்லை. நாமக்கல்லில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். துணி, டிசைன் என்றாலே அவளுக்கு உயிர். “ஒரு நாள்தானம்மா. நானும் வாரேன். இந்த மாதிரி இடத்தையெல்லாம் நாம எப்பப் பாக்கறது?” என்று போனிலேயே அழுதுவிடுவாள் போல இருந்தது. பாவாயி கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கண்காட்சியின் பெயர் ‘மண்’. நுழைந்ததும் பாவாயி தரையைத்தான் பார்த்தாள். முகம் தெரிகிற பளிங்கு.

“மண்ணுன்னு பேரு வெச்சுட்டு ஒரு பொட்டு மண்ணைக் காணோம்” என்றாள்.

“அம்மா, மெதுவா” என்றாள் ரஞ்சிதா.

“ஏன், மண்ணு கேட்டுருமா?”

வளரும் கலைஞர்கள் என்று பலகை போட்டிருந்தது. வளரும் கலைஞர்களோ முக்கால்வாசிப் பேர் நரை எட்டிப்பார்க்கும் தாடியோடு திரிந்தார்கள். இதற்குமேல் எங்கே வளர்வது என்று அவளுக்குப் புரியவில்லை. மேடை போல நீளமாகப் போட்டிருந்த பாதையில் பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். எல்லாம் எலும்பு. யாரோ சோற்றுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். யமுனா என்கிற பெண் வடிவமைத்த உடுப்புகளாம். மலை வாழ்க்கையைப் பற்றியதாம். ஒருத்தி மிளகுச் சாக்கைக் கிழித்து மேல்சட்டையாகப் போட்டிருந்தாள். ஒருத்தியின் தலையில் சும்மாடு, அதன்மேல் ஒன்றுமில்லை. சுமையில்லாத சும்மாட்டைப் பார்த்ததும் பாவாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

யமுனா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களைப் பார்த்துத்தாம்மா இந்த கலெக்ஷனே செய்தேன். எப்படி இருக்கு?”

“சாக்கு பரவாயில்லை, கண்ணு. உள்ள இருக்கறதுதான் சரக்குக் கம்மி.”

யமுனா விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் அதைச் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். ஒருவர் அதைச் செல்போனில் எழுதிக்கொண்டார். பாவாயிக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கால் வழுக்குவது போல இருந்தது. சொன்னது அவர்களுக்குக் குத்தியிருக்க வேண்டும். மாறாக இனித்திருந்தது.

அங்கே அவளுக்கு மனதுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் சுவர் உயரத்துக்கு நின்ற அவளுடைய படம். வாய் பாதி திறந்து, புருவம் ஏறி, கை அன்னாசிக்கு மேலே நீண்டிருந்தது. அந்த மண்டபத்திலேயே பார்க்கத் தக்க முகம் அது ஒன்றுதான் என்று அவள் ஒளிவு மறைவில்லாமல் நினைத்தாள். ரஞ்சிதாவை அதன் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படமும் எடுக்கச் சொன்னாள்.

பிறகு பாட்டு தொடங்கியது.

அந்தக் கொண்டைக்காரன்தான். சொந்தப் பெயர் அர்த்தனாரி. அங்கே எல்லாரும் ஆர்டோ என்று கூப்பிட்டார்கள். பெட்டி ஒன்றின் முன்னால் நின்று எதையோ திருகினான். தரை அதிர்ந்தது. உடுக்கை மாதிரி ஒரு சத்தம், லாரி ஏற்றத்தில் மூச்சு வாங்குவது மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவில் ஒரு பொம்பளையின் குரல்: “கையை எடு... கையை எடு... கை... கை... கையை எடு!”

பாவாயிக்கு யார் குரல் என்று தெரியவில்லை. ரஞ்சிதாதான், “அம்மா, நீ!” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

‘கையை எடு’ என்று ஒவ்வொரு தடவை வந்தபோதும் கூட்டம் முழுக்க இரண்டு கையையும் மேலே தூக்கியது. ‘உங்க ஊட்டுக் கோழியாடா’ என்று வந்தபோது எல்லாரும் தோளைக் கோழி மாதிரி அடித்துக்கொண்டார்கள். எதற்காக அந்தக் குரல் அப்படிக் கத்துகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பழத்தின் பெயர்கூடப் பாட்டில் இல்லை.

பாவாயி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மேடையில் ஏறினாள்.

“நிறுத்துடா!”

அர்த்தனாரி நிறுத்தினான். சிரித்த முகத்தோடு மைக்கை அவள் கையில் கொடுத்தான்.

அவள் ஆரம்பித்தாள். முப்பது வருஷம் சந்தையில் தீட்டிய வாய். தாடியை விட்டுவைக்கவில்லை, கொண்டையை விட்டுவைக்கவில்லை. “தூக்கின கையில ஒரு மூட்டை தூக்குவீங்களாடா? தின்ன சோறு செரிக்கலைன்னா நடந்து போங்க, எதுக்குக் கூடிக்கூடிக் குதிக்கிறீங்க? என் வாயை எடுத்து உன் பெட்டிக்குள்ள போட யாருகிட்டக் கேட்ட?” என்று மூச்சு விடாமல் இறைத்தாள். சோளக்காட்டில் இதில் பாதிக்கே ஆட்கள் வேட்டியை மடித்துக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார்கள்.

கூட்டம் கை தட்டியது. விசில் அடித்தது. செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன. அர்த்தனாரி கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே மெல்ல அந்த உடுக்கைச் சத்தத்தை அவள் வசவுக்குக் கீழே ஓடவிட்டான். பாவாயி வாயை மூடினாள். மூடியதற்கும் தட்டினார்கள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது ரஞ்சிதாதான் பேசினாள். “ஏம்மா அங்க போயித் திட்டுன? நீ திட்டுனா அவங்களுக்கு வலிக்காதும்மா. அவங்க உன்னைப் பாக்கவே இல்லை.”

பாவாயி ஊர் வந்து சேரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு முன்னாலேயே பாட்டு மலையேறியிருந்தது. செம்மேட்டில் நின்ற ஜீப்புகளில் அது ஓடியது. டீக்கடையில் யாராவது வடைத் தட்டில் கை வைத்தால் நாலு பேர் சேர்ந்து ‘கையை எடு’ என்றார்கள். ஞாயிறு வந்த கார்க்காரர்கள் அவள் கடையைத் தேடி வந்தார்கள். “நீங்கதானே அந்தக்கா? ஒரு தடவை திட்டுங்கக்கா” என்று செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே அன்னாசிக் கொண்டையைப் பிடுங்கினார்கள். அவள் திட்டினாள், அவர்கள் பூரித்துப்போனார்கள். திட்டாமல் இருந்தாள், திட்டும்வரை பிடுங்கினார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மிளகுக் காலம் வந்தபோதுதான் விஷயம் முற்றியது. வேல்முருகன் என்கிற சேந்தமங்கலத்து வியாபாரி, இத்தனை வருஷம் அவள் மூட்டைப் பக்கம் பணிவாக வந்தவன், பக்கத்துக் கடை அத்தாயியின் சாக்கில் ஒரு கை அள்ளினான். கடித்தான், துப்பினான், மிச்சத்தைத் தன் பையில் போட்டான். பிறகு மறுபடியும் அள்ளினான். பாவாயி எழுந்து சத்தம் போட்டாள். வேல்முருகன் அசரவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி இடுப்பை ஆட்டினான். சந்தை சிரித்தது. அத்தாயியும், பாவம், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அவன் மூன்றாவது கையும் அள்ளினான்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பாவாயி சாப்பிடவில்லை. காய்ச்சலா என்று செல்லமுத்து கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். நகரத்துக்காரர்களை அவள் திருடர்கள் என்று நினைத்ததில்லை, உதவாக்கரைகள் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது யோசித்துப் பார்த்தால், அவள் கையிலிருந்த ஒரே அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போய் வீட்டில் அலங்காரத்துக்கு மாட்டிவிட்டார்கள். அதை வைத்து எதை வெட்டுவது என்று அவர்களுக்கே தெரியாது.

அடுத்த சந்தைக்கு அவள் போனாள். வேல்முருகன் வந்தான், கை தூக்கிக்கொண்டே வந்தான். நேராக அத்தாயியின் சாக்கில் ஒரு கை அள்ளினான். பாவாயி எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“வாங்க சார். நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?”

வேல்முருகனின் கை பாதியில் நின்றது.

“ஈரம் பாக்கோணுமுங்களா? பாருங்க சார். அத்தாயிக்கு இந்த வருஷம் மிளகே ரெண்டு கொடியிலதானுங்க. நீங்க அள்ளுனது போக மிச்சம் இருந்தா எடை போடலாமுங்க. அவசரமே இல்லீங்க. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டே நிக்கறமுங்க.”

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தாலுகா ஆபீஸில் பேசுவது போலப் பேசினாள். சந்தையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, ஆடுவதற்குத் தாளமும் இல்லை. ஒவ்வொரு ‘ங்க’வும் அவன் முகத்தில் வந்து ஒட்டியது. வேல்முருகன் சுற்றிலும் பார்த்தான். எல்லாக் கடைப் பெண்களும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அள்ளியதைச் சாக்கிலேயே கொட்டிவிட்டு, கட்டை விரலில் ஒட்டியிருந்த மணியையும் தட்டிவிட்டான்.

“என்ன பாவாயி, புதுசா சாருங்கற?” என்று வழிந்தான்.

“மரியாதைக்கு ஆள் பாக்கக் கூடாதுங்க சார்” என்றாள்.

அதன்பிறகு அவள் சந்தையில் அப்படித்தான். கார்க்காரர்கள் கொண்டையைப் பிடுங்கினால், “நல்லாப் பிடுங்குங்க சார், உங்களுக்கு வேற என்னங்க தெரியும்” என்று அதே குரலில் சொல்லிவிட்டுப் பையைப் பிரிப்பாள். கொஞ்ச நாள் நின்று பார்த்தார்கள். படம் பிடிக்க ஒன்றுமில்லாததால் பழத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் அவர்களை மதித்த அளவு மாறவில்லை. செலவு செய்த மூச்சுதான் குறைந்தது.

அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு விஷ்ணு போன் செய்தான். இந்த முறை அவள் நேரிலேயே மேடையில் திட்ட வேண்டும், அர்த்தனாரி கூடவே வாசிப்பான் என்றான்.

“வரலீங்க தம்பி. சந்தை இருக்குதுங்க.”

“அக்கா, என்மேல கோவமா? கோவம்னா நாலு வார்த்தை திட்டிடுங்கக்கா.”

“கோவப்படறதுக்கு நீங்க எனக்கு யாருங்க?” என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

வாசலில் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்த செல்லமுத்து நிமிர்ந்து பார்த்தார். “பாவம் பாவாயி, கோயம்புத்தூர்ல இருந்து கூப்பிடறான். கொஞ்சம் நல்லா பேசியிருக்கலாமல்ல?”

பாவாயி அவர் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, நீங்க பேசறீங்களா நல்லா? அப்படியே போயி அந்தச் சாக்கு மாட்டிக்கிட்டு நடங்களேன்! கேட்டவனுக்கெல்லாம் சீப்புச் சீப்பாக் குடுத்தே காட்டைக் காலி பண்ணுன மனுசன் எனக்குப் பேசச் சொல்லிக் குடுக்கறாரு! பாயி எந்தப் பக்கம் வெயிலு, எந்தப் பக்கம் நெழலுன்னுகூடப் பாக்காம விரிச்சிருக்கறதைப் பாரு...”

குரல் வேலி தாண்டி, மேட்டுக்காடு தாண்டிப் போயிற்று. செல்லமுத்து பாயை வெயில் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, மிளகைக் காலால் தள்ளிப் பரப்பியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.