பாடகன் மதீசனும் ஒரு டொக்டர் கடிதமும்

மதீசன் ஜெர்மனியில் ஹம்பேர்க்கில் பிறந்தவன். தகப்பன் இராசலிங்கம் துறைமுகத்தில் மீன்பெட்டி அடுக்கினார். பதினான்கு வயதில் மகனுக்குக் குரல் உடைந்து தடித்தது. பாடும்போது மட்டும் அது பெண்குரலின் உயரத்துக்கு ஏறி நின்றது. கோயில் மண்டபத்தில் அவன் ஒருநாள் தேவாரம் பாட, சனம் பெண்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு இராசலிங்கம் அவனை அங்கே பாடவிடவில்லை.

லைப்சிக்கில் மேற்கத்திய சங்கீதம் படித்து, ஒப்பரா என்கிற பாட்டு நாடக மேடைக்குப் போனான். அந்த உயர்ந்த குரலுக்கு அங்கே கிடைத்ததெல்லாம் ராஜா வேடமும் தளபதி வேடமும்தான். முந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில், குரல் உடையாமல் இருக்கவேண்டும் என்று சிறுவர்களைக் காயடித்து, ஊர்ப் பேச்சில் சொன்னால் நலமடித்து, பாடகராக்கினார்கள். அவர்களுக்கென்று எழுதிய அந்த ராஜா, தளபதி பாட்டுகளை மதீசன் போன்றவர்கள் வெறும் பயிற்சியால் பாடுகிறார்கள். இராசலிங்கமோ, மகனுக்குத் தியேட்டரில் வேலை என்று மட்டும் சொல்லிவைத்தார். லைட் போடுகிறவனாக்கும் என்று ஊர் நினைத்தது. அவரும் திருத்தப் போகவில்லை.

முப்பத்தொரு வயதில் எர்லாங்கனிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண் தேனுஜா, பொறியியலாளர். சாதகம் பொருந்தியதோ இல்லையோ, இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது. லைப்சிக்குக்கு வந்து இரண்டு முறை அவன் பாட்டைக் கேட்டாள். அவளை விட்டால் தனக்கு வேறு கலியாணம் இல்லை என்று மதீசன் தாயிடம் சொல்லிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஜெர்மன் பேப்பர் ஒன்று அவனைப் பற்றி அரைப் பக்கம் எழுதியது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. பெண்ணின் தகப்பன் நித்தியானந்தன் இராசலிங்கத்துக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கடை மகன் நலமடிச்ச ஆக்களின்ரை பாட்டுப் பாடுறார் எண்டு பேப்பரில கிடக்கு. உடம்பில குறையில்லை எண்டு ஒரு டொக்டர் கடிதம் தந்தால் எங்களுக்கு நிம்மதி."

மகன் என்ன பாடுகிறான், எப்படிப் பாடுகிறான் என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் வராது. இராசலிங்கம் "ஓம், தாறம்" என்றார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த மனிசன் மேல் கோபம் வருகிறது.

தகப்பன் அதை மதீசனிடம் சொன்னார். நாலு நாள் அவன் அதைத் தள்ளிப்போட்டான். பிறகு தானே போன் பண்ணி டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்கு டொக்டரிடம் போனான். எதற்குக் கடிதம் என்று டொக்டர் கேட்டார். கலியாணத்துக்கு என்றான். அவர் இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்தார். வெட்கத்தில் தேனுஜாவிடம் அவன் மூச்சுவிடவில்லை.

அடுத்த கிழமை எர்லாங்கன் வீட்டில் நித்தியானந்தன் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை வாசித்தார். முகம் மலர்ந்தது. "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். தேனுஜா கடிதத்தை வாங்கி, அவளும் வாசித்தாள்.

"இதை எப்ப எடுத்தனீங்கள்?"

"போன கிழமை."

"ரெண்டு கிழமையா நான் அப்பாவோட சண்டை. மதீசன் இப்பிடி ஒரு கடிதம் ஒருநாளும் தரமாட்டார், கேட்கிறதே அவமானம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

"உம்மை இழக்க ஏலாமல்தான் எடுத்தனான்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் குரல் உயரவில்லை. கடிதத்தை மடித்துத் தகப்பனின் கையில் வைத்தாள்.

"நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுது அப்பா, வைச்சிருங்கோ. எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்."