ஊட்டாமல் உட்கார்ந்திருந்த நாட்கள்

1992ஆம் ஆண்டு, தீபாவளி முடிந்த வாரம். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறையில் என் மனைவி திடீரென்று சரிந்து விழுந்தாள். பக்கவாதம். உயிர் தப்பியது, வலது கை மட்டும் ஈரத்துணி போலத் தொங்கியது.

இடது கையால் சோறு சாப்பிட அவள் சம்மதிக்கவே இல்லை. அதனால் எங்களோடு வந்து தங்கிய அவளுடைய அக்காள் பகலில் ஊட்டினார். தொழிற்சாலை வேலை முடிந்து ஓடி வந்து இரவில் நான் ஊட்டினேன். வாரங்கள் போயின. விரல்கள் லேசாக அசைந்ததோடு சரி.

மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுபவர், ஒரு நாள் கேட்டார்.

"வீட்டுல யாரு ஊட்டுறது அங்கிள்?"

"ராத்திரியில நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"அதுதான் தப்பு. மூளையில செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சின்ன இடைவெளி இருக்கு. அதைத் தாண்டித்தான் சேதி போகுது. கொஞ்சம் செல் செத்துப்போச்சு. மிச்சம் உள்ளது புதுசா தொடர்பு போட்டுக்கலாம். ஆனா சேதி திரும்பத் திரும்பப் போனாத்தான் அது பலமாகும். நீங்க ஊட்டினா அந்தக் கைக்கு என்ன வேலை?"

"கை வந்துருமா மிஸ்ஸி?"

"கேரண்டி இல்ல லா. ஆனா இப்படியே விட்டா வராது."

அன்று இரவு தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல வாயைத் திறந்தாள். நான் அசையவில்லை. வலது கையைத் தட்டுக்கு இழுத்தாள், சோறெல்லாம் தரையில். அழுதாள்.

"என்ன தம்பி, என் தங்கச்சியப் பட்டினி போடுறீங்களா? கல்லு மனசு லா உங்களுக்கு!" என்று அக்காள் கத்தினார்.

"மிஸ்ஸி சொன்னாங்க..."

"அவளா வந்து அழுவுறதப் பாக்கப் போறா?"

பகலிலும் ஊட்ட வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சினேன். பசிக்குக் கஞ்சி மட்டும் குடிக்கக் கொடுத்தேன். தினமும் தட்டு, தினமும் அழுகை. இவ்வளவு வதைத்தும் கை வராமலே போனால்? வேலையிடத்தில்கூட அதே பயம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நடுங்கும் விரல்கள் ஒரு பிடி சோற்றைச் சேர்த்தன. பாதி தாடையில் ஒட்டியது. மீதி வாய்க்குள் போனது. மெதுவாக மென்று விழுங்கிவிட்டு அக்காளிடம் திரும்பினாள்.

"சாம்பார்ல உப்பே இல்லக்கா."

அக்காள் சிரித்துக்கொண்டே அழுதார்.

இன்றும் அவள் கையிலிருந்து சோறு சிந்தினால் என் கை பதறி எழும். அவள் தலைக்குள் ஏதோ ஒரு சேதி தட்டுத்தடுமாறி அக்கரை சேர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்து அடக்கிக்கொள்வேன்.