கோமியத்தில் ஊறிய பந்துகள்

திண்டிவனத்துக் கிளப்பின் டென்னிஸ் கோர்ட்டை நினைத்தாலே எனக்குக் குமட்டும். அங்கே ஆடிய பெரிய மனிதர்களில் என் அப்பாவும் ஒருவர். வக்கீல், கிளப்புக்குக் காரியதரிசி வேறு.

அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, சின்ன வயதிலேயே விதவையாகி எங்களோடு இருந்தாள். விதவைத் தங்கையை டென்னிஸ் ஆட வைத்தவர் என்று அப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். அத்தைக்கோ ஆட்டம்தான் உயிர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினால் எதிரே நிற்கும் ஆண்களுக்கு மூச்சு வாங்கும். கோர்ட்டு வேலி நெடுக அவள் வைத்த ரோஜாச் செடிகள். ஆடி முடித்த வியர்வையோடு குனிந்து புழு பொறுக்குவாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறுவார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும் என்றதும் அத்தை காலை பாசஞ்சரில் போகத் தொடங்கினாள். கஞ்சியோடு நிறுத்தவில்லை, சீழ் பிடித்த கால்களைக் கழுவிக் கட்டும் போட்டாள். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்காரர்களோடு மேட்ச். அதில் ஆட அவள் துடித்துக்கொண்டிருந்தாள்.

மெம்பர்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க தங்கச்சி கண்ட சாதிக்காரன் காலையும் கழுவிட்டு வந்து பந்தத் தொடறாங்க. அத நாங்க எப்படிங்க தொடறது?"

சீ என்று அப்பா எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. யுத்த காலத்தில் வேறு பந்து கிடைக்காது, தூக்கிப் போடவும் முடியாது. அதனால் பித்தளை அண்டாவில் கோமியமும் மஞ்சளும் கரைத்து, இருந்த பந்துகளையெல்லாம் முக்கியெடுத்து, மொட்டை மாடியில் காயவைத்தார். சட்டம் படித்த மனிதர், தன் கையாலேயே. அத்தையிடம், "இந்த மேட்சுக்கு நீ வர வேணாம்மா, ரெஸ்ட் எடுத்துக்க" என்றார். மஞ்சள் பூத்துக் கிடந்த பந்துகளை அவள் பார்த்துவிட்டாள்.

ஞாயிறன்று விருந்தாளிகளுக்கு மாலை போட்டார்கள். எல்லாம் அத்தையின் ரோஜாக்கள். பூவுக்கு மட்டும் தீட்டு இல்லை போலிருக்கிறது. அடித்த முதல் பந்தே சொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தது. அதை எடுத்த விழுப்புரத்துக்காரர் விரலை மோந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, மாட்டுக் கொட்டா நாத்தம்?"

"யுத்த காலத்துச் சரக்குங்க. இப்பல்லாம் இப்படித்தான் வந்துக்கினு இருக்குது" என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல். மேட்ச் அதோடு முடிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "உன் கஞ்சித் தொண்டாலதான் என் மானம் போச்சு" என்று அத்தை மேல் பாய்ந்தார். அவள் மட்டையை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்தாள். விழுப்புரம் போவதை நிறுத்தவில்லை; மட்டையைத்தான் பிறகு ஒருநாளும் கீழே இறக்கவில்லை.

அன்று ராத்திரியும் அவள்தான் இலை போட்டாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் தினமும் சோறு போட்டது அந்தக் கைதான்.

"ரசம் நல்லா இருக்கும்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார் அப்பா, இலையை வழித்துக்கொண்டே. நான் பாதிச் சோற்றில் எழுந்து கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.