பாதி ஆள்

மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று அரிசியை ஆளுக்கு இவ்வளவு என அளந்துதான் கொடுப்பார்கள். பால்வெட்டப் போகும் பெண்களை கேட்டில் தடவிச் சோதிக்க ஓர் அக்கா இருந்தார்.

அந்த அளவரிசியிலும் நான் நல்ல பருமன். மீன்குழம்புக்குப் போடும் காய்ந்த அசாம் புளித் துண்டுகளைக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்தால் ஊளைச்சதை கரையும் என்று செர்காம் கடற்கரையிலிருந்து மீன் விற்க வரும் அம்மா சொன்னார். புளிப்பில் பல் கூசும். மூன்று மாதம் விடாமல் குடித்தேன்.

"அப்படியேதான் இருக்கே லா," என்றார் என் கணவர். எரிச்சலாக வந்தது.

ஒருநாள் கேட்டில் என் இடுப்பைத் தடவிய அக்கா கையை எடுக்கவில்லை.

"பாதி ஆளாயிட்டியே! ஒன் பங்கு அரிசிய காட்டுல யாருக்குக் கொடுக்கிறே?" என்று கத்தினார்.

போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். வீட்டைச் சோதித்து, அசாம் பானையைப் பார்த்த பிறகுதான் என்னை விட்டார்கள். ஆனால் அவர்கள் என்னைச் சூழ்ந்து நின்ற அந்த நிமிஷம் எனக்குப் பயமே வரவில்லை. ஆண்கள் வரிசையில் நின்ற கணவரைத் தேடிப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"என்னங்க, கேட்டீங்களா? பாதி ஆளாயிட்டேனாம்!"