பால் டின் படத்துக்குப் பொட்டு

பெக்கோக் கடைத்தெருவில் அன்று நான் இருந்தேன். மாசமாயிருந்த என் மனைவி இருந்தாள். அவள் அண்ணன் இருந்தார். மளிகைக்கடைச் சீனர் இருந்தார். ஏணிமேல் சாயம் பூசுகிறவர் இருந்தார். கடைச் சுவர் முழுக்க ஒரு குழந்தைப் படம். பால் டின் விளம்பரம். முகம் மட்டுமே ஆள் உயரம்.

"செத்த பிள்ளையா இருக்கும். உசிரோட இருக்கிறத யாரு இவ்வளவு பெருசா எழுதுவா?" என்றார் மச்சான்.

என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். நான் கடைக்காரரிடம் மலாய் பாஷையில் விசாரித்தேன்.

"இந்தப் பால் குடிச்சா சாகுமா?" என்று அவர் சிரித்தார்.

அவளுக்கு இன்னும் ஆறவில்லை. "கன்னத்துல ஒரு கறுப்புப் பொட்டு இல்ல. ஊரே பார்க்குது, கண்ணு படாதா? வெக்கச் சொல்லுங்க."

"அலமாக்! அந்தக் கன்னத்துக்கு ஒரு டின் மையில்ல வேணும்," என்றார் மச்சான்.

"நீ வாய மூடுண்ணே."

நான் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு ஏணியில் இருந்தவருக்குத் தலையசைத்தார். தேங்காய் மூடி அகலத்தில் பொட்டு விழுந்தது.

"இப்பத்தான் பிள்ள மாதிரி இருக்கு," என்றாள்.

அதன்பிறகு சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தச் சுவர் எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். நானும் நிற்பேன்.

ஐப்பசியில் பெண் பிறந்தாள். நன்றாக அழுதாள். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தார்கள். ஏழு ராத்தல்.