பூட்டிய எக்ஸ்சேஞ்சில் ஜமீலா அக்கா

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள் நான். எண்பதுகளில் ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் கேட்பார்கள், நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு லைன் வாங்கிக் கொடுப்போம். எதிரே இருக்கும் போர்டில் அந்தந்த நம்பருக்கு ஒயரைக் கையால் செருகினால்தான் லைன் சேரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜமீலா அக்கா. முகம் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான், பழக்கமெல்லாம் குரலோடுதான்.

ஒருநாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் எக்ஸ்சேஞ்சுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அங்கங்கே குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம், விளையாட்டு என்று விட முடியாது. போலீஸ் வந்து எல்லாரையும் வெளியேறச் சொல்லிவிட்டது. அக்கா லைனில் வந்தார்.

"ஏட்டி, போர்ட விட்டுட்டுப் போகச் சொல்லுதாவ. நான் ஒருத்தி மட்டும் இருந்துக்கிடுதேன்னாலும் கேக்க மாட்டேங்காவ. யாருக்காச்சும் உசுரு போற அவசரம்னா என்ன செய்வாவ?"

குண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன துணிச்சல் பாருங்கள்! அதோடு லைன் ஓய்ந்துவிட்டது.

சற்று நேரத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா உடனே வர வேண்டும், கார் அனுப்பி அழைத்துவர நேரமில்லை, போனில் சொன்னால்தான் உண்டு. அங்கே ஆளில்லை என்று தெரிந்தும் கூப்பிட்டேன், வேறென்ன செய்ய? மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், அக்காவின் குரல்.

"அழாத ஏட்டி. டாக்டரம்மாதான? இந்தா தாரேன்."

யார் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. டாக்டரம்மா லைனுக்கு வந்தார், பேசினார், கிளம்பியும் விட்டார்.

இந்த மனுஷி போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பயமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

சாயங்காலம் சோதனை போட்டு, குண்டு எதுவும் இல்லை என்று திறந்துவிட்டார்கள். அக்கா லைனில் வந்ததும் முதலில் கேட்டது, "அந்தப் பிள்ள பொழச்சுட்டாளா?"

"பொழச்சுட்டாக்கா. நீங்க உள்ளயா ஒளிஞ்சு இருந்தீய?"

"உள்ளயா? கதவுக்குப் போலீஸ்காரவிய பூட்டுல்லா போட்டிருந்தாவ. நான் எதுத்தாப்புல ரோட்டுல எல்லாரோடயும் நின்னேன்."

"அப்ப அந்தப் பிள்ள விஷயம் யாரு சொன்னா?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும் சொல்லல. மனசு பூரா போர்டுலயே கெடந்துச்சு. நின்னபடியே 'அழாத, இந்தா தாரேன்'னு பொலம்புனேனாம், கூட நின்னவிய கேலி பண்ணுதாவ. அது கெடக்கட்டும் ஏட்டி. போகும்போது ஒயரு பூராத்தையும் உருவிப் போட்டுட்டுத்தான் போனேன். இப்ப டாக்டரம்மா நம்பர்ல ஒண்ணு செருகியிருக்கு. அத உருவ எனக்குக் கை வரல."

அப்படி வேலை பார்த்த மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குண்டுக்கே அசையாதவர். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதை நினைத்தால் இன்றும் என்னால் தனியாக உட்கார முடிவதில்லை.